சாமந்திக்கு மூன்று ஷிஃப்ட்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது டாக்டரிடம் நோயைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சாரப் பேனல் பெட்டிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் வயர்மேன். நாள் முழுக்க அடுத்தவனுக்காக ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்தால், வீட்டில் எனக்காக எதையாவது முடுக்கவேண்டும் என்று கை பரபரக்கும். மிக்சி மோட்டாரைக் கழற்றித் தையல் மிஷினில் மாட்டினேன். முதல் வெள்ளோட்டத்தில் என் மனைவி ஞானகுமாரியின் கல்யாணப் புடவையை மிஷின் விழுங்கிவிட்டது; கத்தரிக்கோல் வைத்துத்தான் மீட்டோம். வாசல் கேட்டில் தானாக அடிக்கும் மணி வைத்தேன். தெருவில் போகிற எருமை உரசினால் அடித்தது, விருந்தாளி வந்து தள்ளினால் அடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஞானகுமாரி எதுவும் சொல்லமாட்டாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் அவள் ஒரு செடியை ஒப்படைத்தாள்.

அது அவளுடைய அப்பாவின் செடி. என் மாமனார் பிரகாசம், சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலையோரம் ஒரு லாரி ஷெட்டில் முப்பது வருஷம் இரவு வாட்ச்மேனாக இருந்தவர். வயதாகி வேலையை விட்டதும் எங்களோடு வந்து தங்கினார். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா சுரூபம், பழைய பெயின்ட் டின்னில் ஒரு வெள்ளைச் சாமந்தி. டின்னை வீட்டுக்காரம்மா சகாயம்மாளின் மொட்டை மாடியில் வைத்துவிட்டு, தினமும் படியேறிப் போய்த் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். எண்பத்தேழு டிசம்பரில் ஒரு காலையில் மார்வலி வந்து, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். பூந்தமல்லி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அவர் போனபிறகு சகாயம்மாள் மாடிக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு டியூஷன் வகுப்புக்கு விட்டுவிட்டாள். டின் கீழே எங்கள் போர்ஷனுக்கு வந்தது. நாலு போர்ஷனில் எங்களுடையது நடுவில். குடிவந்த நாளிலிருந்து சூரியன் எங்களை விசாரித்ததே கிடையாது. மே மாதத்துக்குள் செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, நுனியில் நாலு இலை மட்டும் மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஞானகுமாரி, புடவைகூட மாற்றாமல் அந்த டின்னுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்க, நவம்பர் ரெண்டாந்தேதி அப்பாவுக்கு முதல் கல்லறைத் திருநாள். எல்லாரும் பூக்கடையவே அள்ளினு வந்து போடுவாங்க. எனக்கு அது வாணாம். இந்தச் செடியில ஒரே ஒரு பூ பூத்தா போதும், அத அப்பா தலமாட்டுல வெக்கணும். இது செத்துப்போச்சுன்னா அப்பா வெச்சது எதுவுமே உசுரோட இல்லீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு மெதுவாக, "எதிர்த்த ஊட்டு வாசல்ல நல்ல வெயில் வருது. பார்வதம் அக்காகிட்ட குடுத்து வெச்சிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் 'சரி' என்று சொல்லியிருப்பான். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத்தான் கை பரபரத்தது.

"எதுக்கு? வெயில நான் ஊட்டுக்குள்ளயே கொண்டாறேன்" என்றேன்.

ஞானகுமாரி உதட்டை மடித்துக்கொண்டாள்.

நான் அப்படிப் பேசியதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சரக்குப் பெட்டியில், பொருள் உடையாமல் இருக்கக் கசக்கித் திணித்திருந்த காகிதங்களில் ஒரு பத்திரிகைப் பக்கம் கிடைத்தது. அதில் ஒரு படம்: அலமாரி, அதற்குள் டியூப் லைட்டுகள், அவற்றின் கீழே தொட்டிகளில் பூவாய்ப் பூத்துக் குலுங்கும் செடிகள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கிடந்தது. படத்தின் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. என் ஐ.டி.ஐ. இங்கிலீஷ் ஆன், ஆஃப், டேஞ்சர் வரைக்கும் நன்றாகப் போகும். அதற்குமேல் எதற்கு? அதுதான் படம் இருக்கிறதே.

கம்பெனிப் பின்கட்டில் அளவு தப்பிப்போய் ஒதுக்கிவைத்த ஒரு பேனல் பெட்டி கிடந்தது. ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம், சாம்பல் நிறப் பெயின்ட், கதவில் கைப்பிடி. கதவின் நடுவில் சிவப்பில் மண்டையோடும் குறுக்கெலும்பும் போட்டு 'அபாயம் 440 வோல்ட்' என்று எழுதியிருந்தது. முதலாளியிடம் கேட்டேன். இடம் காலியானால் சரி என்றார். என்னோடு வேலை செய்யும் உத்தமன் மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டி ஒன்று பிடித்துக் கொடுத்து, பின்னாலேயே சைக்கிளில் வந்தான்.

"இன்னா தாஸு, பொணப்பொட்டி கணக்கா கீது? யாரைப் போட்டு மூடப் போற?" என்றான். கிறிஸ்துதாஸ் என்ற என் முழுப் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"சாமந்திடா."

"யார்ரா அது சாமந்தி?" என்று கேட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

பெட்டியை வைக்க வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. எங்கள் கட்டிலுக்கு எதிரில், மாதா சுரூபம் இருக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மாதாவும் மண்டையோடும் அருகருகே நின்றார்கள். எட்டிப்பார்த்த சகாயம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இன்னா தாஸு இது, ஊட்டுக்குள்ள ட்ரான்ஸ்பார்மர் வெச்சிகினு கீற! நாலு குடும்பம் கீதுப்பா இங்க" என்றவள், போய் வேளாங்கண்ணித் தீர்த்தம் எடுத்துவந்து பெட்டியின் மேல் தெளித்தாள். மின்சாரப் பெட்டியின் மேல் தண்ணீர் தெளிக்கக்கூடாது என்று நான் கத்தியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் வேலை செய்தேன். உள்ளே வெள்ளை எனாமல் அடித்தேன். அதன்மேல் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளை ஒட்டினால் வெளிச்சம் திருப்பி அடிக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. உத்தமன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவன். இந்த வேலைக்காக மூன்றாக்கினான். தியாகம் என்றான். இரண்டடி டியூப் லைட் நான்கு. அவற்றைச் சங்கிலியில் தொங்கவிட்டேன், செடி வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். சூடு தாக்காமலிருக்கச் சோக்குகளைப் பெட்டியின் மேல் வெளியே வைத்தேன். கழித்துப்போட்ட ஒரு சின்ன விசிறியைக் காற்றுக்காக மேலே பொருத்தி, கீழே காற்று நுழைய வரிவரியாகத் தகட்டை வெட்டினேன். டின்னைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, சுவிட்சைப் போட்டேன்.

நான்கு சோக்குகளும் ஒன்றாக 'உய்ங்' என்றன. தகட்டில் வெட்டிய வரிகள் வழியாக வெளிச்சம் வந்து கட்டில், சுவர், ஞானகுமாரி எல்லாவற்றின்மேலும் பட்டை பட்டையாக விழுந்தது.

"ராத்திரி எப்ப அணைப்பீங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. ஒரு மிஷின் ஒரு ஷிஃப்ட் ஓடினால் பத்துப் பெட்டி, மூன்று ஷிஃப்ட் ஓடினால் முப்பது பெட்டி. எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மாடியில் வெயிலில் இருந்த செடி ஒரு ஷிஃப்ட் பார்த்துத்தான் பூத்தது. பாவம், ராத்திரி முழுக்கச் சும்மா நின்றிருக்கிறது. ஆகவே நான் சாமந்திக்கு மூன்று ஷிஃப்ட் போட்டேன். இருபத்திநாலு மணி நேரமும் வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

"அணைக்கறதே இல்ல" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போனாள். ஆனால் அந்த அறையில் யாரோ ஏதோ சொன்னதுபோல எனக்கு இருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

என் மாமனாருக்கு ஒரு வழக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குச் செபமாலை சொல்ல உட்காரும்போது வீட்டின் எல்லா லைட்டையும் அணைத்துவிடுவார். மாதா முன்னால் ஒரு மெழுகுவத்தி மட்டும். செபம் முடிந்து, சாப்பிட்டு, படுக்கிறவரைக்கும் அந்த இருட்டுதான் அவருக்கு வேண்டும். "முப்பது வருஷம் லைட்டுக்கு அடியில உக்காந்தே ராத்திரியக் கழிச்சிட்டேன் மாப்ள, போதும்" என்பார். நானோ அந்த நேரத்தில்தான் தரையில் ரேடியோவைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மாப்ள, லைட்ட அணைச்சிட்டீங்களா?" என்று தினமும் கேட்பார். கோபமாக இல்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல. காது கேட்காதவன்போல நான் சால்டரிங் வைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கை சுட்ட எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "இது என் ஊடு, என் லைட்டு. அணைக்க முடியாது."

அவர் தலையை ஆட்டினார். செபமாலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அன்றிலிருந்து சாகிறவரைக்கும் மாடி இருட்டில், அந்தச் சாமந்தி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் செபம் சொன்னார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. ஞானகுமாரி அப்போது அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கமாட்டாள் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டேன். அவர் செடியில் பூப் பூக்கவைத்து அவர் தலைமாட்டில் வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அவளுடைய ஆசையைவிட என்னுடையது பெரியது. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

ஜூலையில் செடியைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நாலு இலை இருந்த இடத்தில் நானூறு இலை. உள்ளங்கை அகலம், கரும்பச்சை. டியூப்பை மூன்று முறை மேலே ஏற்றினேன். சகாயம்மாள்கூடத் தீர்த்தத்தின் மகிமை என்று ஒப்புக்கொண்டாள். ஆகஸ்டில் செடி என் இடுப்புக்கு வந்துவிட்டது. மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை.

"கீரையா இருந்தா கடஞ்சிருக்கலாம்" என்றாள் ஞானகுமாரி.

"முதல்ல உடம்பு தேறட்டும். அப்புறம் பூக்கும்" என்று வைத்தியன்போலப் பேசினேன். உள்ளுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. எஸ்டேட்டில் பகலில் மின்வெட்டு என்பதால் இரவில்தான் மிஷின் ஓடும். என்னை இரவு வேலைக்குப் போட்டார்கள், சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. ஐந்தரைக்குக் கிளம்பினால் மறுநாள் ஏழு மணிக்குத்தான் திரும்புவேன். கிளம்பும்போது பெட்டிக்குள் வெளிச்சம் பளீரென்று எரியும். திரும்பிவந்து தெருமுனையில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தால் அப்போதும் பளீரென்று எரியும். என் மூன்று ஷிஃப்டும் குறைவில்லாமல் நடக்கிறது என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன்.

செப்டம்பர் கடைசி வாரம் ஒரு காலையில் பெட்டிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் மிளகு அளவில் பச்சை மொட்டு. எண்ணினேன். நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், மாதா கோவில் வாசலில், பஸ் ஸ்டாப்பில், யார் கிடைத்தாலும் நிறுத்திவைத்துச் சொன்னேன். செடிக்குத் தூக்கம் எதற்கு? மனுஷன்தான் சோம்பேறி, இயற்கை உழைக்கத் தயாராக இருக்கிறது, நாம்தான் வெளிச்சம் கொடுப்பதில்லை. கோவில் வாசலில் ஒரு கிழவர் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் முருங்கைக்கு லைட் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். உத்தமன் கம்பெனியில் எனக்கு 'விஞ்ஞானி' என்று பெயர் வைத்தான். கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு இனித்தது.

அக்டோபர் ஐந்தாம் தேதி நான் வேலைக்குப் போன அரை மணியில் கம்பெனி ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிட்டது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஏழு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். எங்கள் போர்ஷன் இருட்டு. கரண்ட் இல்லையோ என்று பார்த்தால், பக்கத்துப் போர்ஷனில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே மாதா முன்னால் ஒரே ஒரு மெழுகுவத்தி. பாயில் முட்டிபோட்டு ஞானகுமாரி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியில் 'உய்ங்' இல்லை. வரிவரி வெளிச்சம் இல்லை. சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"ஏய்! இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

அவள் செபத்தை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிப் பாயைக் காட்டினாள். அக்டோபர் மாதாவின் செபமாலை மாதம்; செபத்துக்கு நடுவில் சுவிட்சைப் போட எனக்கும் தைரியம் வரவில்லை. முட்டி போட்டேன். வாய் அவளோடு சேர்ந்து செபம் சொன்னது. மனசு, போன வெளிச்சத்தை மணிக்கணக்கில் பெருக்கிக்கொண்டிருந்தது. பத்துப் பத்தாக ஐம்பது மணியும் முடிந்து, மன்றாட்டு மாலையும் முடிந்தது. இனிப் பேசலாம் என்று எழுந்தால், மூன்று பாட்டு பாடினாள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?" என்றேன்.

"நீங்க நைட்டு போன நாள்லேர்ந்து. வேளாங்கண்ணிக் கொடியேத்தத்தன்னிக்கி செபம் சொல்ல உக்காந்தேன். அந்தச் சத்தத்துல சொன்ன வாய்க்கே கேக்கல. அணைச்சேன். அப்பா அணைப்பாரு, நானும் அணைச்சேன். அப்புறம் போட மனசு வரல, ரெண்டு மாசமா கண்ணு மூடாதவ அன்னிக்கித்தான் தூங்கினேன். காலையில உங்க சைக்கிள் மணி கேட்டா போட்டுடுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

"நாப்பத்தோரு மொட்டு வந்திருக்கு. நீ மட்டும் கை வெக்காம இருந்தா இந்நேரம் நானூறு வந்திருக்கும்! போன மாசமே பூத்திருக்கும்! உங்க அப்பாவுக்குத்தான இவ்ளோ பாடு படறேன்?"

அவள் மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். பிறகு இருட்டில் அவள் குரல் வந்தது.

"சொல்லுங்க. 'என் ஊடு, என் லைட்டு'ன்னு அன்னிக்கி அப்பாகிட்ட சொன்னீங்களே. என்கிட்டயும் சொல்லுங்க."

அடுப்படியில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவர் போன இந்தப் பத்து மாதமும், அதற்கு முன்னும், கேட்டதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அப்போது நான் அவள் காலில் விழுந்திருக்கவேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? மறுநாள் காலை முதல் வேலையாக அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒயரை நேராக மெயினில் சேர்த்துவிட்டேன். இனி யாரும் அணைக்க முடியாது. வெட்கம் வந்தால் சிலர் தலை குனிவார்கள். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படுகிறது.

ஞானகுமாரி கட்டிலை விட்டுப் பாயை அடுப்படியில் போட்டுக்கொண்டாள். செபமும் அங்கேயே. மாதாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டையோடும் நானும்தான் மிச்சம்.

நாலு நாள் கழித்து மொட்டுகளைப் பார்த்தேன். அதே மிளகு. எட்டு நாள் கழித்துப் பார்த்தேன். மிளகுக்குப் பக்கத்தில் புதிதாக இலை கிளம்பியிருந்தது. பத்தாம் நாள் சில மொட்டுகள் பழுத்து, தொட்டால் உதிர்ந்தன. கல்லறைத் திருநாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நான் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

கடைசியில், பத்திரிகைப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் என்ஜினீயர் ஜெயராமன் சாரிடம் போனேன். படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். இது சாமந்தி வகை. லைட் வளர்றதுக்குத்தானாம். பூக்கணும்னா தினமும் பதிமூணு, பதினாலு மணி நேரம் கும்மிருட்டா இருக்கணும், நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் படக்கூடாதுன்னு போட்டிருக்கான். சாயங்காலம் ஆறு மணிக்கு அணைச்சு காலையில ஏழு மணிக்குப் போடுங்கன்னு நேரமே குடுத்திருக்கான், கிறிஸ்துதாஸ். ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். ஆறு மணிக்கு அணை, ஏழு மணிக்குப் போடு. இங்கிலீஷே தெரியாமல் என் பெண்டாட்டி ஒரு மாதத்துக்குமேல் அதைத்தான் செய்திருக்கிறாள். மாடியில் மாமனார் பக்கத்தில் அந்தச் செடி இருட்டில்தான் உட்கார்ந்திருந்தது. நான் லைட்டை அணைக்க மாட்டேன் என்றதால்தான் அவர் அங்கே போனார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயராமன் சார் தண்ணீர் கொடுத்தார்.

அந்த வாரத்தோடு எனக்கு இரவு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய், தூக்கி எறிந்த சுவிட்சைக் கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்து மறுபடி பொருத்தினேன். பெட்டியின் வரிகளைச் சாக்குத் துணியால் மூடினேன். ஆறு மணிக்கு நானே அணைத்தேன். அடுப்படி வாசலில் போய் நின்றேன். ஞானகுமாரி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஞானம், பேப்பர்ல போட்டிருக்கு" என்றேன். "இருட்டுலதான் பூக்குமாம். நீ பண்ணதுதான் சரி. நான்தான் கெடுத்தேன். அதுல மட்டும் இல்ல."

அவள் வத்தியை மாதா முன்னால் வைத்தாள். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த மாதம் முடியும்வரை தினமும் முட்டி போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு செபம் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மொட்டை நினைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றில் பழுத்து உதிர்ந்தது போக ஏழு தங்கியது. ஏழில் நான்கு அப்படியே கெட்டியாக நின்றுவிட்டது. நவம்பர் முதல் தேதி காலையில் மூன்று மட்டும் நுனியில் வெள்ளை காட்டின. மறுநாள் ஒன்று முழுதாக விரிந்தது. மற்ற இரண்டும் பாதி கண் திறந்திருந்தன. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

ஞானகுமாரி அவற்றைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பூந்தமல்லி பஸ்ஸில் கூட்டம். நின்றபடியே இரண்டு கையாலும் பூவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விழாமல் அவளை நான் பிடித்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் மேல் கூடை கூடையாகப் பூக்கள். கோழிக்கொண்டை, சம்பங்கி, எங்கும் மஞ்சள் சாமந்தி. இருட்டத் தொடங்கியதும் வரிசை வரிசையாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கடந்து போனார். மாமனாரின் சிலுவைக்குக் கீழே ஞானகுமாரி அந்த மூன்று பூவையும் வைத்தாள். கண்ணீரைத் துடைக்காமல் நின்றாள்.

புருஷன் கல்லறைக்கு வந்திருந்த சகாயம்மாள் எட்டிப்பார்த்தாள். "பொட்டிப் பூவா தாஸு? மூணுதானா? ராப்பகலா லைட்டு போட்டு வளக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லினு இருந்த?"

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அவளை அரை மணி நேரம் நிற்கவைத்திருப்பேன்.

"நான் வளக்கல சகாயம்மா" என்றேன். "ஞானமும் அவங்க அப்பாவும் வளத்தாங்க. நான் நடுவுல கெடுத்தேன், அதான் மூணு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வத்தி பாதிக்கு வந்திருந்தது. நான் கல்லறையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தினமும் கேட்டு, பதில் வராமல், பிறகு கேட்பதையே விட்டுவிட்ட மனுஷனிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வந்தபோது நீளமாக யோசித்து வைத்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"மாமா" என்றேன். "லைட்ட அணைச்சிட்டேன்."

ஞானகுமாரி திரும்பிப் பார்த்தாள். உதட்டை மடிக்கவில்லை. என் தோளில் கைவைத்து எழுப்பி, "அப்பாவுக்குக் கேட்டிருக்கும். வாங்க, பஸ் போயிடும்" என்றாள்.